மூன்று மைக்கும் ஒரு காதும்

பாப்பா,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறானே, இந்த ஆளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று உன் அம்மா கேட்கிறாள். நீ உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஆபீஸ் வேலை பார்க்கிறாய். நான் கூடத்தில் உன் பழைய நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். நடுவில் பத்தடிதான். ஆனால் நேரில் பேச ஆரம்பித்தால் எனக்குச் சத்தம் ஏறிவிடுகிறது. நீ உடனே "ஏன்பா கத்துறீங்க" என்பாய். நான் "கத்தலையே" என்று கத்துவேன். அதற்குள் எதிர்வீட்டு ஜன்னல் திறந்துவிடும். சேக்காட்டில் நம் தெருவுக்கு நம் வீட்டுச் சமாசாரம் எதையும் நாம் தனியாகப் போய்ச் சொல்ல வேண்டி வந்ததே இல்லை. எழுத்துக்கு வால்யூம் கிடையாது, அதனால் எழுதுகிறேன். பத்தாம் வகுப்பும் ஐ.டி.ஐ.யும் படித்தவன் எழுத்து. பிழை இருந்தால் மாப்பிள்ளையிடம் காட்டாமல் நீ மட்டும் சிரித்துக்கொள். கோபத்தில்தான் ஆரம்பிக்கிறேன். முடிக்கும்போது எப்படி இருப்பேன் என்று எனக்கே தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே, கறிவேப்பிலை வாங்க மறந்துவிட்டேன் என்று சொல்வதுபோலச் சொன்னாய்.

"அப்பா, ரிசப்ஷனுக்கு சவுண்டு மண்டபத்துலயே ஆள் போட்டுக்கறாங்களாம். நான் சரின்னுட்டேன்."

"அவங்க போட்டுக்கினா நான் எதுக்குக் கீறேன்?"

"நீங்க மேடைல நில்லுங்கப்பா. பொண்ணோட அப்பா சவுண்டு மிக்சர்கிட்ட உக்காந்துட்டிருந்தா நல்லாவா இருக்கும்?"

"நல்லாத்தான் இருக்கும். வர்றவங்க பொண்ணு மாப்பிள்ளையப் பாக்கட்டும். என் மூஞ்சியப் பாத்து இன்னா பண்ணப் போறாங்க?"

நீ சிரிக்கவில்லை. அம்மாவைப் பார்த்தாய். அம்மா பிஸ்கட் டப்பாவின் மூடியைப் பார்த்தாள். "வேணாம்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாய். நான் மாடிக்குப் போய், ஏற்கெனவே சுருட்டி வைத்திருந்த வயர்களையெல்லாம் பிரித்துப் போட்டு மறுபடி சுருட்டினேன். மனசு சரியில்லாத சவுண்டுக்காரனுக்கு வேறு என்ன வேலை இருக்கிறது.

நீயே சொல். இருபது வருஷமாகச் சனி ஞாயிறு வந்தால் நானும் தாமுவும் மைக் செட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறோம். தாமு உனக்குத் தெரியாதவனா. தொழிற்சாலையில் என் பக்கத்து மெஷின்காரன், மைக் செட்டில் கூட்டாளி, நீ பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் என்னைவிட அதிகமாக அழுதவன். ஆவடி குவார்ட்டர்ஸில் வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, ரிட்டயர்மெண்ட் பார்ட்டி, பிள்ளையார் சதுர்த்தி என்று நாங்கள் வயர் இழுக்காத பிளாக் கிடையாது. திருநெல்வேலிக்காரர், கோயம்புத்தூர்க்காரர், வேலூர்க்காரர் என்று எந்த ஊர்த் தமிழாக இருந்தாலும் அது எங்கள் மைக் வழியாகத்தான் வெளியே வந்தது. முன்பின் தெரியாத வீட்டுப் பெண்களுக்கெல்லாம் மேடையில் மைக் வைத்தவன், சொந்தப் பெண்ணின் ரிசப்ஷனில் கோட்டு மாட்டிக்கொண்டு, எவனோ ஒருவன் மைக்கைக் கொண்டுபோய் ஸ்பீக்கருக்கு நேராக நிறுத்துவதைப் பல்லைக் காட்டிக்கொண்டு பார்க்க வேண்டுமாம். வயிறு எரியாதா.

மைக் என்றால் என்னவென்று இந்த ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது என்பது என் நெடுநாள் ஆதங்கம். கையில் கொடுத்ததும் முதலில் தட்டுவார்கள். பிறகு ஊதுவார்கள். கொல்லன் துருத்திகூட அப்படி ஊதாது. பிறகு அதன் தலையை முழுக் கையாலும் பொத்திப் பிடித்துக்கொள்வார்கள். அந்த வலைக்குப் பின்பக்கம் இருக்கிற சந்தை அடைத்துவிட்டால், முன்னால் இருக்கிறவர் வாயை மட்டும் கேட்க வேண்டிய மைக் நாலா பக்கமும் கேட்க ஆரம்பித்துக் கூவும். கூவினால் எல்லோரும் திரும்பி என்னை முறைப்பார்கள். ஒரு நிச்சயதார்த்தத்தில் பெண்ணின் அத்தைக்குக் காலர் மைக் குத்திவிட்டேன். மொடமொடக்கிற புதுப் பட்டுப்புடவை, அதன்மேல் காசுமாலை. அவர் ஐந்து நிமிஷம் வாழ்த்திப் பேசினார். மண்டபத்துக்குக் கேட்டதெல்லாம் யாரோ முறத்தில் சில்லறையைப் போட்டுப் புடைக்கிற சத்தம். இறங்கி வந்து, "ஏம்பா, என் கொரலு இப்பிடித்தான் இருக்குமா?" என்று கேட்டார். தாமுதான் சொன்னான்: "அத்தே, நீங்க எங்க பேசனீங்க, மாலைதான் பேசுச்சு. ஆனா நல்லா வாழ்த்துச்சு." பட்டுக்கும் நகைக்கும் காலர் மைக் ஆகாது, கையில் பிடிக்கிற மைக்தான் சரி என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். உன் மண்டபத்து ஆளுக்கு இது தெரியுமா. அவர் உனக்கே காலர் மைக் குத்தினாலும் குத்துவார்.

அவராவது வெளியாள். நீ உள்ளாள். அதுதான் எரிச்சலில் பெரிய எரிச்சல். போன வருஷம் ஆபீஸ் வேலை போகக் குழந்தைகளுக்குக் கதை படித்துக் கொடுக்கிற வேலை உனக்குக் கிடைத்தது. வீட்டிலேயே ரெக்கார்டு செய்து கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். ஒரு மைக் செட்டுக்காரன் வீட்டில் தண்டமாக உட்கார்ந்திருக்கும்போது, நீ போனில் பார்த்துக் கண்டென்சர் மைக் ஒன்றை வரவழைத்தாய். பார்க்க அழகாகத்தான் இருந்தது, மூக்குத்தி போட்ட மாதிரி முன்னால் ஒரு சின்ன விளக்கு வேறு. முதல் கதையை அனுப்பினாய், திரும்பி வந்துவிட்டது. கதையில் முயல்குட்டி ஒன்று நடுக்காட்டில் தனியாகப் போகிறது. அந்தக் காட்டுக்குள் அரக்கோணம் லோக்கல் ரயில் ஓடுகிறது, நம் வீட்டுக் குக்கர் மூன்று விசில் விடுகிறது, மீன்காரர் சங்கரா, வஞ்சிரம் என்று கூவிக்கொண்டு போகிறார்.

அப்புறம்தான் என்னிடம் வந்தாய். நான் சொன்னேன். மைக்கில் ரெண்டு குணம் உண்டு. ஒன்று எல்லாவற்றையும் கேட்கிற மைக். அதற்குத் தனியாகக் கரண்ட் கொடுக்க வேண்டும், பூப்போல வைத்துக்கொள்ள வேண்டும். மூச்சு, உதடு பிரிகிற சத்தம், அடுத்த தெரு நாய், எதையும் விடாது. அதுதான் நீ வாங்கிய கண்டென்சர். இன்னொன்று, பக்கத்தில் வந்து சொன்னதை மட்டும் கேட்கிற மைக். கீழே போட்டாலும் எழுந்து வேலை செய்யும். மேடையில் நாங்கள் வைக்கிறது அதுதான், டைனமிக். ரயில்வே லைன் ஓரம் குடியிருப்பவர்கள் ரெண்டாவதைத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லி, நம் மேடை மைக் ஒன்றைத் துடைத்துக் கொடுத்தேன். ஒரு கதை படித்துப் பார்த்துவிட்டு, "அப்பா, ஆடி மாசம் கூழ் ஊத்தறாங்கன்னு சொல்ற மாதிரி இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தாய். பிறகு துணி அலமாரியைக் காலி செய்து, உள்ளே சுற்றிலும் பஞ்சு வைத்த ரஜாயைத் தொங்கவிட்டு, முட்டியை மடக்கி உட்கார்ந்து, ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் நடுவில் அதே கண்டென்சரில் படித்தாய். கம்பெனி ஏற்றுக்கொண்டது. நான் ஏற்றுக்கொள்ளவில்லை. இன்றைக்கு ஏற்றுக்கொள்கிறேன். மைக்கை மாற்றுவதற்கு முன்னால் அறையை மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது இருபது வருஷ அனுபவஸ்தனுக்குத் தோன்றவில்லை, உனக்குத் தோன்றியது.

இதிலிருந்து உன் கல்யாணத்துக்கு ஒரு அறிவுரைகூடத் தயார் செய்து வைத்திருந்தேன். நீ போகிற வீடு பூந்தமல்லிதான், ஒரு பஸ் தூரம். மாமனார், மாமியார், நாத்தனார் என்று நாலு பேர் இருக்கிற இடத்தில் மேடை மைக் மாதிரி இரு. பக்கத்தில் வந்து நேராகச் சொன்னதை மட்டும் காதில் வாங்கு, தூரத்து முணுமுணுப்பு உனக்கு வேண்டாம். மாப்பிள்ளையிடம் மட்டும் கண்டென்சர் மாதிரி இரு, மூச்சு மாறினால்கூடக் கேள். நன்றாக இருக்கிறதல்லவா. தாமுவிடம் சொல்லிப் பார்த்தேன். "மாமே, அண்ணி பேசறத நீ இத்தினி வருசமா எந்த மைக்ல கேட்டுகினு கீற?" என்று கேட்டான். அதனால் இதை அறிவுரைக் கணக்கில் சேர்க்காதே.

இப்போது என் அசிங்கத்துக்கு வருகிறேன். ரிட்டயர் ஆனதிலிருந்தே எனக்கு எந்த மைக்கும் பிடிக்கவில்லை. மேடையில் பேசுகிறவர்கள் எல்லாம் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு பேசுவதுபோல இருந்தது. குரல் வரும், வார்த்தையின் முனை வராது. மழுங்கிய உளியால் செதுக்கின மாதிரி. பழைய உருண்டைத் தலை மைக்குக்கு வயசாகிவிட்டது என்று அதே மாதிரி புதிதாக ஒன்று வாங்கினேன். அதுவும் மந்தம். வயர்தான் சத்தத்தைத் தின்கிறது என்று கார்ட்லெஸ் வாங்கினேன். அதுவும் மந்தம். மிக்சரில், மெலிசான கூர்ச் சத்தத்தை ஏற்றுகிற ட்ரெபிள் குமிழைத் திருகினேன். நடுவில் நிற்க வேண்டியது, விசேஷத்துக்கு விசேஷம் வலப்பக்கம் நகர்ந்து கடைசியில் போய் முட்டிக்கொண்டு நின்றது. "இன்னா மாமே, சத்தம் ஊசி மாரி குத்துது" என்று தாமு ஒருநாள் சொன்னான். "போய் காத கழுவிக்கினு வா" என்றேன். அவனைச் சொன்னேன், பார்.

அந்தச் சமயத்தில்தான் நீ அதே முயல்குட்டியின் இன்னொரு கதையை முடித்துவிட்டு, ஆபீஸ் வண்டி வந்துவிட்டது என்று ஹெட்போனை என்னிடம் கொடுத்து, "ஒரு தடவ கேட்டுட்டு அனுப்பிடுங்கப்பா" என்று ஓடினாய். கேட்டேன். என் பெண்ணின் குரல் ரஜாய்க்குள் இருந்து வருகிற மாதிரி இருந்தது. ரஜாய்க்குள் இருந்துதானே வந்தது, அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. உன் கம்ப்யூட்டரில் ட்ரெபிள் எங்கே இருக்கிறது என்று ஒரு மணி நேரம் தேடிக் கண்டுபிடித்து, ஏற்றி, இன்னும் ஏற்றி, எனக்குத் திருப்தி வந்த பிறகு அனுப்பினேன். மறுநாள், ஒத்துக்கொண்டார்களா என்று கேட்டேன். "ஒத்துக்கிட்டாங்கப்பா" என்றாய். நான் போய்த் தாமுவிடம் பீற்றிக்கொண்டேன். என் பெண் கதை படித்தால் போதுமா, சவுண்டு யார் பார்த்தது என்று.

அந்தத் தெம்பில்தான் மூன்றாவது மைக்கை வாங்கினேன். உனக்கு எதை வாங்காதே என்று அத்தனை பிரசங்கம் செய்தேனோ, அதே கண்டென்சரை மேடைக்கு வாங்கினேன். ரெண்டு பெரிய ஸ்பீக்கர் பாக்ஸுக்கு நடுவில், ட்ரெபிளை முழுக்கத் திருகிவிட்டு, எல்லாவற்றையும் கேட்கிற மைக்கைக் கொண்டுபோய் வைப்பது கொள்ளிக்கட்டையை எடுத்துத் தலையைச் சொறிவது மாதிரி. மைக் கேட்டதை ஸ்பீக்கர் சொல்லும். ஸ்பீக்கர் சொன்னதை மைக் கேட்கும். கேட்டதை மறுபடி ஸ்பீக்கர் இன்னும் பெரிதாகச் சொல்லும். தெருச்சண்டை ஏறுகிற மாதிரி ஏறி, கண் சிமிட்டுவதற்குள் கூவிவிடும். இது எனக்குத் தெரியாததா. தெரிந்தும், மந்தமாக இருக்கிறதே என்ற ஒரே வெறியில் வைத்தேன். வைத்தது எங்கே என்றால் தாமுவின் பேத்தி காதணி விழாவில்.

நீ நாலாவது வரிசையில் இருந்தாய், அதனால் நடந்தது உனக்குத் தெரியும். எனக்கு நடந்ததை இப்போது சொல்கிறேன். குழந்தை தாய்மாமன் மடியில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தது. ஆசாரி கம்பியை எடுத்தார். தாய்மாமன் நாலு வார்த்தை பேசட்டும் என்று மைக்கை அவர் பக்கம் திருப்பிவிட்டு வந்து, மிக்சரில் கொஞ்சம் ஏற்றினேன். ஆசாரி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். முன்வரிசைப் பெண்கள் எல்லோரும் ரெண்டு காதையும் பொத்திக்கொண்டார்கள். எனக்கு எங்கேயோ தூரத்தில் விசில் மாதிரி லேசாக ஏதோ வந்தது, ஆவடி ஸ்டேஷனில் வண்டி ஹார்ன் அடிக்கிறது என்று நினைத்தேன். காது குத்துகிற விசேஷத்தில் ஊரே காதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதே, குழந்தைக்கு வலிக்கப் போகிறதே என்ற இரக்கம்போல என்று நானாக ஒரு முடிவுக்கு வந்து, சபை மரியாதைக்கு நானும் சிரித்துக்கொண்டே என் ஒரு காதைப் பிடித்துக்கொண்டேன். தாமு மேடையிலிருந்து குதித்து ஓடிவந்து, என் கையைத் தட்டிவிட்டு மிக்சரை இறக்கினான்.

"கூவுது மாமே. இன்னா காதப் பிட்ச்சிகினு சிரிச்சிகினு கீற?"

"தெரியும்டா, நானே கொறைக்கத்தான் போனேன். மைக் சரியில்ல."

அப்போது நீ என்னைப் பார்த்தாய். கண்டென்சர் வாங்கின என் முட்டாள்தனத்தைப் பார்க்கிறாய் என்று நினைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அது போன வைகாசியில். இந்தச் செவ்வாய்க்கிழமை நீ ஆபீஸ் கிளம்பியதும், உன் "வேணாம்பா"வுக்குப் பதில் சொல்லிவிடுவது என்று மூன்று மைக்கையும் மொட்டைமாடியில் வரிசையாக நிறுத்தினேன். மூன்றில் எது உன் ரிசப்ஷனுக்குச் சரி என்று முறையாகத் தேர்ந்தெடுத்து, சாயந்திரம் உன்னிடம் நிரூபிப்பதாகத் திட்டம். பேசிக் காட்ட ஆள் வேண்டுமே. உன் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"எதனா பேசு."

"இன்னாத்தப் பேசறது?"

"இருவத்தெட்டு வருசமா பேசறியே, அதுல கொஞ்சம் பேசு."

"அது எதுவும் உங்களுக்குக் கேக்கலையே. இப்ப மைக் வெச்சா கேட்டுடுமா?"

முதல் மைக், மந்தம். ரெண்டாவது, மந்தம். மூன்றாவதில் ஏற்றினேன். உன் அம்மா மைக்கைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். பக்கத்து வீட்டுத் தென்னையில் இருந்த காக்காய்கள் ஒன்று விடாமல் கிளம்பின. கீழே நாய் அண்ணாந்து ஊளையிட்டது, அது மட்டும் எனக்குக் கேட்டது. "கூவுது, நிறுத்துங்க" என்று வாயசைத்தாள். எங்கே கூவுகிறது என்று கேட்டேன். அவள் தானே போய் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்துவிட்டாள்.

"நெஜமாவே உங்களுக்குக் கேக்கலியா?"

நான் கீழே கிடந்த மைக்கை எடுத்துத் துடைத்தேன். அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் அனுப்பின கதையைக் கம்பெனி திருப்பி அனுப்பியதை, கேட்கிற குழந்தைகளுக்குக் காது வலிக்கும் என்று எழுதியதை, நீ சத்தம் போடாமல் நான் கை வைக்காத பழைய பதிவையே அனுப்பியதை. காதணி விழா அன்று நீ தாமுவைத் தனியாகக் கூப்பிட்டு, அப்பாவிடம் யாரும் எதுவும் சொல்ல வேண்டாம், மனசு உடைந்துவிடும் என்று சொன்னதை. "ரிசப்ஷன்ல மாப்ள வூட்டுக்காரங்க முன்னாடி நீங்க அப்பிடி நிக்கக் கூடாதுன்னுதான் பாப்பா வேணாம்னுச்சு. ஒங்க மைக்க அது வேணாங்கல" என்றாள். அதைச் சொல்லும்போது உன் அம்மா சத்தமே போடவில்லை. மைக் இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். எல்லாம் கேட்டது.

நேற்று தாமுவைக் கூட்டிக்கொண்டு பூந்தமல்லிக்குக் காது பார்க்கப் போனேன். ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார்கள். நாலு சுவரிலும் மெத்தை மாதிரி ஸ்பாஞ்சு, வெளிச் சத்தம் ஒரு பொட்டு இல்லை. என் வாழ்நாளில் பார்த்ததில் அருமையான ரெக்கார்டிங் ரூம் அதுதான். உன் அலமாரியை வேண்டுமானால் ரெண்டாவதாகச் சொல்லலாம். உன் வயசுப் பெண் ஒருத்தி ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் கை தூக்கச் சொன்னாள். நான் வழக்கம்போல அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். "சார், சுவத்தப் பாத்து உக்காருங்க" என்றாள். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். தொழிற்சாலையில் வருஷா வருஷம் காது பரிசோதனை நடக்கும். பட்டனை அழுத்துகிற நர்ஸம்மாவின் தோள் அசைவதைப் பார்த்துப் பார்த்துக் கை தூக்கியே முப்பத்துநாலு வருஷத்தை ஓட்டிவிட்டேன். அதை ஒரு கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது. எங்கள் பிரிவில் இரும்புத் தகட்டைச் சம்மட்டியால் அடித்து நேராக்குவோம், நாள் முழுக்க அதே சத்தம். காதில் வைத்துக்கொள்ள ஆரஞ்சு நிறத்தில் பஞ்சு அடைப்பு கொடுப்பார்கள். தாமு ஒழுங்காக வைத்துக்கொள்வான், நான் அவனைப் பயந்தாங்கொள்ளி என்பேன். என் பங்குப் பஞ்சையெல்லாம் சட்டைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். மைக் ஸ்டாண்டில் மைக்கைப் பிடிக்கிற கவ்வி தளர்ந்தால் மைக் ஆடும், கடகடக்கும். அந்தப் பஞ்சை ரெண்டாக வெட்டிச் செருகினால் அப்படியே கல் மாதிரி நிற்கும். மாடிக்குப் போய்ப் பார், நம் ஸ்டாண்டு ஒவ்வொன்றிலும் ஆரஞ்சுத் துண்டு இருக்கும். காதுக்குக் கொடுத்ததை மைக்குக்கு வைத்தேன். மைக்குகள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன.

அந்தப் பெண் ஒரு தாளைக் காட்டினாள். இடப்பக்கம் கோடு மேலே நேராகப் போகிறது, வலப்பக்கம் வந்ததும் பார்க்கில் இருக்கிற சறுக்குமரம் மாதிரி இறங்கிவிடுகிறது. "தடிச்ச சத்தமெல்லாம் நல்லாக் கேக்குது சார். மெலிசா கூரா வர்ற சத்தந்தான் இல்ல. லேடீஸ், கொழந்தைங்க பேசறதுல பாதி எழுத்து உங்களுக்கு வராது" என்றாள். நம் வீட்டில் என்னைத் தவிர இருப்பதே ரெண்டு லேடீஸ். பிறகு காதுக்குப் பின்னால் மாட்டுகிற மெஷின் ஒன்றை, பட்டாணி அளவுதான் இருக்கும், உள்ளங்கையில் வைத்தாள். தொழில் புத்தி போகுமா.

"இதுல மைக் எங்கம்மா?"

"முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு சார். ரெண்டு மைக் இருக்கு."

"ட்ரெபிள் ஏத்த முடியுமா?"

"உங்களுக்கு அத மட்டுந்தான் சார் ஏத்தப் போறோம்."

தாமு செருப்பைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்து சிரித்தான். நான் விடவில்லை. "மைக்கும் ஸ்பீக்கரும் இவ்ளோ கிட்ட வெச்சா கூவுமே?"

"சரியா உக்காரலன்னா கூவும் சார்."

"கூவினா எனக்கு எப்பிடிம்மா தெரியும்?"

"பக்கத்துல இருக்கறவங்க சொல்லுவாங்க சார்" என்றாள், அது ஏதோ உலகத்தில் இல்லாத கேள்வி மாதிரி.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உண்மையான கோபம் வந்தது, பாப்பா. மண்டபத்து ஆள் மேல் இல்லை, மைக் மேல் இல்லை. உன் மேல். பக்கத்தில் இருக்கிறவர்கள் சொல்ல வேண்டும். நீ, அம்மா, தாமு, மூன்று பேரும் பக்கத்தில்தான் இருந்தீர்கள். இத்தனை மாதம் என் மனசு உடையாமல் பார்த்துக்கொண்டீர்கள், நான் ஒவ்வொரு விசேஷமாகப் போய் ஜனங்கள் காதை உடைத்துக்கொண்டிருந்தேன். குவார்ட்டர்ஸில் எத்தனை குழந்தை அழுததோ. தப்பு என்னுடையது, இல்லை என்று சொல்லவில்லை. "காத கழுவிக்கினு வா" என்று சொல்கிற ஆளிடம் யார்தான் உண்மையைச் சொல்வார்கள். ஆனாலும் சொல்லியிருக்க வேண்டும். நான் கத்தியிருப்பேன், ரெண்டு நாள் சாப்பிடாமல் இருந்திருப்பேன், அப்புறம் அதே கண்ணாடி அறை நாற்காலியில் போய் உட்கார்ந்திருப்பேன். மூன்றாவது மைக்காவது மிச்சமாகியிருக்கும்.

எனவே உனக்கு நான் கொடுக்கிற ஒரே அறிவுரை இதுதான். தாமு கிண்டல் செய்தாலும் இதை வாபஸ் வாங்க மாட்டேன். மாப்பிள்ளை கூவினால் கூவுகிறது என்று சொல்லிவிடு. மனசு நோகுமே என்று ட்ரெபிள் ஏற்றாத பதிவை ரகசியமாக அனுப்பிவிட்டு, "ஒத்துக்கிட்டாங்க" என்று சிரிக்காதே. நீ கூவும்போது அவர் சொன்னால், மைக் சரியில்லை என்று சொல்லாதே. அந்த வாக்கியம் நம் குடும்பத்தில் என்னோடு முடியட்டும்.

மெஷினை ஒரு பத்து நிமிஷம் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். தாமுவின் செருப்பு இவ்வளவு சத்தம் போடும் என்று எனக்குத் தெரியாது. அவன் சட்டைகூடச் சத்தம் போடுகிறது. ரோட்டுக்கு வந்தால் ஆட்டோ ஹார்ன் தலையில் ஆணி அடிக்கிற மாதிரி, உடனே உள்ளே ஓடிவிட்டேன். திரும்ப உட்கார்ந்து, நீ அனுப்பிக் கம்பெனி வெளியிட்டிருந்த அந்தப் பழைய பதிவைத் தாமுவின் போனில் போடச் சொல்லிக் கேட்டேன். முயல்குட்டி காய்ந்த சருகின் மேல் நடக்கிறது. நீ ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் சின்னதாக மூச்சு எடுக்கிறாய். 'சருகு' என்று நீ சொன்னால் அதில் சருகு இருக்கிறது. ட்ரெபிள் ஏற்றத் தேவையே இல்லை. நல்ல மைக் வாங்கியிருக்கிறாய். கூழ் ஊற்றுகிற மைக்கை நான் மாடியிலேயே வைத்துக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை எனக்கான மெஷின் வருகிறது. ரிசப்ஷனுக்கு மண்டபத்து ஆளே சவுண்டு பார்க்கட்டும், நான் மேடையில் நிற்கிறேன், கோட்டும் போட்டுக்கொள்கிறேன். அவரிடம் மட்டும் சொல்லி வை. கையில் பிடிக்கிற டைனமிக் மைக் ரெண்டு போதும். உனக்கோ உன் அத்தைகளுக்கோ காலர் மைக் வேண்டாம். பாக்ஸ் ரெண்டும் மேடைக்கு முன்னால், மைக் அதற்குப் பின்னால். யார் கையில் கொடுத்தாலும் தலையைப் பொத்தாமல் பிடிக்கச் சொல்ல வேண்டும். இதையெல்லாம் சொன்னாலும் அவர் கேட்க மாட்டார். ஏதாவது ஒரு பெரியப்பா மைக்கைப் பொத்திப் பிடிப்பார், அது கூவத்தான் போகிறது. முன்வரிசை முழுக்கக் காதைப் பொத்தும். அப்போது நீ கூட்டத்தைப் பார்க்காதே, மாப்பிள்ளையைப் பார்க்காதே, பக்கத்தில் நிற்கிற என்னைத் திரும்பிப் பார். காதணி விழாவில் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு சிரித்தேனே, அப்படி நிற்க மாட்டேன். ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு, யாருய்யா மைக்கு என்று திட்டிக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
பத்தடி தூரத்தில் இருக்கிற
அப்பா